சகலைக்கு வந்த நோய்

காலை ஏழே கால் மணிக்கு, நாலாவது இட்லியோடு, என் சகலை யோகேஸ்வரன் இலையை மூடினான்.

தீபாவளி அன்றைக்கு. 2023-ஆம் வருஷத் தீபாவளி. பரமத்தி வேலூரில் எங்கள் மாமனார் வீட்டுக் கூடத்தில். தம்பி, இந்த பஸ்ஸில் நீங்கள் கோயம்புத்தூர் வரைக்கும்தானே? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. ஜன்னல் பக்கம் விட்டுக் கொடுத்தீர்கள், நல்லது. எனக்குக் காற்று வேண்டும். முன்னால் மூன்றாவது சீட்டில் பச்சைச் சேலை, அது என் சம்சாரம் ரேணுகா. திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், கண்டுகொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எனக்குத்தான், நெஞ்சில் கோளாறு. ஆனால் சகலையைச் சொல்லாமல் என்னைச் சொல்ல முடியாது.

தீபாவளி காலை இட்லிக்கு எங்கள் பக்கம் வெள்ளாட்டுக் கறிக் குழம்பு. அந்த வீட்டில் மாப்பிள்ளை இலையை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. அத்தை இன்னும் ரெண்டு வைப்பார்கள், நாம் 'போதுமுங்க' என்று கையால் மறிப்போம், கையைத் தாண்டி ஒன்று விழும், அதையும் தின்றுவிட்டுத்தான் மூடுவது. எட்டுக்குக் குறைந்து யாரும் எழுந்ததில்லை. இவன் நாலில் மூடிவிட்டான்.

அத்தைக்கு முகம் செத்துவிட்டது.

"ஏனுங்க மாப்ள, கொழம்புல உப்புத் தூக்கலாங்களா?"

"இல்லைங்க அத்தை. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டரா? எந்த டாக்டருங்க? என்னத்துக்குங்க?"

அவ்வளவுதான். கரண்டியைக் குண்டாவிலேயே போட்டுவிட்டு அத்தை அவன் எதிரில் உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா உள்ளே வந்தார். அவன் சம்சாரம் மேனகா, என் மச்சினி, அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் பக்கத்து இலை. என் இலையில் குழம்பு தீர்ந்து வெறும் இட்லி கிடக்கிறது. யாராவது பார்த்தார்களா? கை காயக் காய உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நானே எட்டிக் கரண்டியை எடுத்து ஊற்றிக்கொண்டேன். ஒன்பது வருஷ மாப்பிள்ளை, தம்பி. தன் கையால் குழம்பு ஊற்றிக்கொண்டது அன்றைக்குத்தான்.

உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லையா? அப்படியென்றால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரெண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் மூத்த மாப்பிள்ளைக்கு ஓர் இடம் உண்டு. எங்கள் மாமனார் வீட்டில் அது சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே. முதல் இலை அங்கேதான் விழும். கோழி அறுத்தால் ஈரல் அந்த இலைக்கு. கல்யாணம், காதுகுத்து எதுவென்றாலும் மாமா முதலில் என்னைத்தான் கேட்பார். யோகேஸ்வரன் எனக்குப் பிறகு நாலு வருஷம் கழித்து வந்தவன், வயதிலும் ஆறு வருஷம் இளையவன். அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வெளிநாட்டுக்காரனுக்குப் பகலாக இருக்கும்போது இவன் இங்கே கண் விழித்து உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ், சொந்த ஆபீஸ். அவன் கார் வாங்கினான், நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவுக்கு விலை உயர்ந்த போன் வாங்கிக் கொடுத்தான், ஒன்றும் சொல்லவில்லை. முதல் இலை என்னுடையதாக இருந்த வரைக்கும் எனக்கு யார்மேலும் ஒன்றும் கிடையாது.

அன்றைக்கு மேனகாதான் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பு பரிசோதனை செய்தார்களாம்.

"இடுப்புச் சுத்தளவு நூத்தி ரெண்டு சென்டிமீட்டருங்க அப்பா, தொண்ணூறுக்குள்ள இருக்கோணுமாம். பிரஷர் கூட. ரத்தத்துல டிரைகிளிசரைடுங்கற கொழுப்பு ஏறிக் கெடக்குது, நல்ல கொழுப்பு கம்மி. வெறும் வயித்துச் சக்கரை நூத்திப் பன்னெண்டு. இன்னும் சக்கரை நோயின்னு சொல்ல முடியாதாம், வாசல்ல வந்து நிக்குதாம். இந்த அஞ்சுல மூணு சேர்ந்துச்சுன்னாலே அதுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு பேருங்க. இவருக்கு அஞ்சும் இருக்குது."

அஞ்சும்! அவள் அதைச் சொன்ன விதம், பத்தாம் வகுப்பில் அஞ்சு பாடத்திலும் நூறு வாங்கியவனைச் சொல்கிற மாதிரி இருந்தது.

"முப்பத்திமூணு வயசுல இதென்னுங்க மாப்ள?" என்றார் மாமா.

"இப்பல்லாம் இந்த வயசுலதான் வருதாமுங்க மாமா. உக்காந்தே இருக்கறது, தூக்கம் கெடறது, கண்ட நேரத்துல தின்னறது. இப்ப வலி ஒண்ணும் தெரியாது. இப்பிடியே உட்டா அம்பதுக்குள்ள ஹார்ட் ஃபெயிலியர்ல கொண்டு போய் உடுமுன்னாங்க."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்கள். "நெஞ்சு நின்னு போயிருமா சாமி?"

"நிக்காதுங்க அத்தை. ரத்தத்தத் தள்ளற பலம் கொறஞ்சுக்கிட்டே போகும்."

மாமா விவசாயி. அவர் பாஷையில் கேட்டார். "மோட்டார் ஓடும், தொட்டிக்குத் தண்ணி ஏறாது. அதானுங்களா?"

"அதேதானுங்க மாமா."

அப்படிக் கேட்டதற்கு மாமாவுக்கு ஒரு பெருமை. அதைச் சரியென்று சொன்னதற்கு இவனுக்கு ஒரு பெருமை. நான் சொன்னேன், "அதெல்லாம் கம்பெனிக்காரனும் லேப்காரனும் சேர்ந்து பண்ற வேலைங்க மாமா. முப்பத்திமூணு வயசுல நெஞ்சுக்கு என்ன வரப்போகுது?" யாரும் திரும்பவில்லை. இன்னொரு இட்லி கேட்டேன். அதற்கும் யாரும் திரும்பவில்லை.

அத்தோடு விட்டானா? தை பிறப்பதற்குள் கம்பெனியில் பேசி ராத்திரி வேலையை மாற்றிக்கொண்டான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று வாங்கிக்கொண்டு, மேனகாவோடு பரமத்தி வேலூருக்கே வந்துவிட்டான். மாமனார் வீட்டு மாடியில்! அத்தை கையால் பக்குவமாகச் சாப்பிட வேண்டுமாம். வீட்டோடு மாப்பிள்ளை என்று அவனை ஊரே சிரிக்கும் என்று பார்த்தேன். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "மாமனார் மாமியாருக்கு ஒரு பையன் இல்லாத குறையைத் தீர்த்துட்டாரு." டீக்கடையில் என் காதுபடச் சொன்னார்கள்.

பொங்கலுக்கு நான் போனபோது வீடே மாறிக் கிடந்தது. அடுப்படியில் தனியாக ஒரு சின்னக் குண்டா. அவனுக்கு உப்புக் குறைத்த குழம்பு. அவனுக்கு வரகு. அவனுக்கு நாலு வகைக் கீரை. மாமா டீயில் சர்க்கரையை விட்டுவிட்டார், அவனுக்குத் துணையாக. காலையில் இருட்டுப் பிரிகிறபோது ரெண்டு பேரும் ராஜா வாய்க்கால் மேட்டில் நடக்கப் போய்விட்டு, கருப்பட்டிக் கடைக்காரன் முதல் போஸ்ட்மாஸ்டர் வரைக்கும் பேசிவிட்டு வருவார்கள். ஒன்பது வருஷத்தில் மாமா என்னோடு நடந்தது பந்தியிலிருந்து கை கழுவும் இடம் வரைக்கும்தான்.

அன்றைக்கு மத்தியானம் இலை போட்டார்கள். கடிகாரத்துக்குக் கீழே நான் உட்கார்ந்தேன். மேனகா சாதத்தை எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் போனாள்.

"அக்கா, இவர் மாத்திரை போட்டு அரை மணி ஆச்சு, நேரத்துக்குச் சாப்புடோணும். மாமாவுக்கு அடுத்தது வெக்கறேன்."

மாமா என்றால் நான். அடுத்தது என்றால் அடுத்தது. ரேணுகா, "அதுக்கென்ன, வெய்யி" என்கிறாள். என் சம்சாரம் சொல்கிறாள், தம்பி! ஒரு மாத்திரையைக் காட்டி முதல் இலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். நோய் வருவதிலும் முந்திக்கொண்டான், அதை வைத்துப் பந்தியிலும் முந்திக்கொண்டான்.

நான் சும்மா இருப்பேனா? சாப்பாட்டில் காட்டினேன். அவன் வேண்டாம் என்று ஒதுக்குவதெல்லாம் என் இலைக்கு வரும்படி பார்த்துக்கொண்டேன். ஈரல் முழுக்க எனக்கு. அவன் பங்கு ஒப்புட்டும், அதாவது போளியும், நெய்யோடு எனக்கு. சாயங்காலம் இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினார்கள். அவன் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான். நான் அவன் தட்டையும் இழுத்துக்கொண்டேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்போதாவது, 'மூத்த மாப்பிள்ளைதான் நம்ம கைப்பக்குவத்துக்கு மரியாதை தெரிஞ்சவர்' என்று தோன்றியிருக்கும் இல்லையா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் தின்னாத ஒரு வாய்க்கு வருத்தப்பட்ட ஆட்களுக்கு நான் தின்ற பத்து வாய் கண்ணில் படவில்லை.

அவனும் சும்மா இருக்க மாட்டான். என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, பின்கழுத்துல கறுப்பா மடிப்பு மடிப்பா இருக்குதுங்களே, சக்கரை பாத்தீங்களா?" என்றான். பொறாமை. மூணு பவுன் செயின் போட்டால் கழுத்து கறுக்காதா? அவன் செயின் போடுவதில்லை, அவனுக்கு எப்படித் தெரியும்?

சித்திரையில் ஒரு நாள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ரேணுகா அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைப்பவள். மெஷின் மேல் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு யோகேஸ்வரன் தன் இடுப்பை அளந்தான். பத்து சென்டிமீட்டர் குறைந்துவிட்டதாம். எல்லோரும் கை தட்டினார்கள். மாமா உட்பட.

"அண்ணா, நீங்களும் ஒருக்கா அளந்து பாக்கறீங்களா?"

"எதுக்கு? என்னோட பேன்ட் சைஸ் முப்பத்தாறு. கல்யாணத்துக்கு எடுத்த அதே முப்பத்தாறு. நீ முப்பத்தெட்டு போட்டுக்கிட்டுத் திரிஞ்சவன்தானே?"

மேனகா களுக்கென்று சிரித்துவிட்டாள். "மாமா, நீங்க பேன்ட்ட வயித்துக்குக் கீழ போடறீங்க. அவரு வயித்து மேல போடறாரு. அளக்கறது தொப்புளுக்கு நேரா."

தொப்புளுக்கு நேராக அளந்தால் யாருக்குத்தான் கூடுதலாக வராது? சரி, அளக்கட்டும் என்று எழுந்தேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். ரேணுகா டேப்பைச் சுற்றிப் பிடித்து, படிக்காமல் அப்படியே நின்றாள். யோகேஸ்வரன் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "நூத்திப் பதினொண்ணு" என்றான். அவன் ஆரம்பித்ததே நூற்றிரண்டில்தானே! அதிலும் என்னை ஜெயித்தது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். வருத்தப்படுகிற மாதிரி ஒரு முகம், பார்க்கச் சகிக்காது.

"பழைய டேப்பு, இழுத்து இழுத்துச் சுருங்கிப் போயிருக்குது" என்றேன்.

"ஏனுங்க, அப்ப நான் தெச்ச ஜாக்கெட்டெல்லாம் யாருக்கும் சேராமயா போச்சு?" என்றாள் ரேணுகா. அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள். ஒரு தரம் டாக்டரைப் பாருங்கள், ஒரே ஒரு தரம். நாமக்கல்லிலேயே டாக்டர் சாரதாமணி என்று நெஞ்சு டாக்டர். யோகேஸ்வரன் வேலூருக்கு வந்த பிறகு அவர்களிடம்தான் மாசா மாசம் காட்டிக்கொண்டிருந்தான். போகிற வழியில் என் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்துவான். "அண்ணா, ரெண்டு எட்டுதான், என் கூட வாங்க." ஒவ்வொரு மாசமும் கேட்பான். ஒவ்வொரு மாசமும் எனக்கு லாரி லோடு இருக்கும். நானே கேட்கிறேன், நீங்களே சொல்லுங்கள். அவன் போன டாக்டரிடம், அவன் பின்னால், அவன் காரில், ரெண்டாவது ஆளாக நான் போய் நிற்க வேண்டுமா? வந்தால் எனக்கென்று ஒரு நோய் வரட்டும், எனக்கென்று ஒரு டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன்.

ரேணுகா அழுதாள். "எந் தங்கச்சிக்கு அமைஞ்ச மாதிரி, சொன்னாக் கேக்கற ஆளு எனக்கு அமையல." அந்த வார்த்தை ஈட்டி மாதிரி இறங்கியது. எந்த டாக்டராலும் அதைக் குணப்படுத்த முடியாது. வீட்டில் குழம்பில் உப்பைக் குறைத்துப் பார்த்தாள். நான் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டில் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெஸ்ஸில் போய் ஒழுங்காக இன்னொரு தரம் சாப்பிட்டேன்.

உடம்புக்கு எனக்கு ஒன்றும் இல்லை, தம்பி. ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். அது கட்டினவன் தப்பு, படி ஒவ்வொன்றும் உயரம். சாயங்காலமானால் செருப்பு இறுக்கும். மட்டமான செருப்பு. படுத்தால் இருமல் வரும், லாரி ஆபீஸ் தூசி. தலையணை ரெண்டு வைத்துச் சாய்ந்து படுத்தால் நிற்கும். பிறகு மூணு வைத்தேன். அந்தக் காலத்து ஜமீன்தாரெல்லாம் அப்படித்தான் படுப்பார்கள்.

போன ஆடிப் பதினெட்டுக்கு வேலூரில் காவிரி நிறையத் தண்ணீர். நாங்கள் முந்தின நாளே போய்விட்டோம். விடிகிற நேரம், மாமாவும் யோகேஸ்வரனும் நடக்கக் கிளம்பினார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நானும் வருகிறேன் என்றேன். மாமாவுக்குச் சந்தோஷம்.

"வாங்க மாப்ள, வாங்க. மெதுவாப் போலாம்."

மெதுவாகவா? இத்தனை மாசமாக அவன் நடையைப் பற்றித்தானே பேச்சு. நான் முன்னால் போனேன். வாய்க்கால் மேட்டில் அவர்களை ஒரு பனைமர தூரம் பின்னால் விட்டுவிட்டேன். "அண்ணா, நில்லுங்க, பேசிக்கிட்டுப் போலாம்" என்று கத்தினான். அவனால் முடியவில்லை, பாருங்கள், என்னோடு முடியவில்லை. நான் கையை வீசிக்கொண்டு போனேன். மதகு வரைக்கும் போனேன். மதகில் கண் இருட்டியது. சட்டென்று சுவரில் உட்கார்ந்தேன். உள்ளே தண்ணீர் நிரம்பின மாதிரி, மூச்சு மேலேயே நின்று கீழே இறங்கவில்லை.

அவர்கள் ஓடி வந்தார்கள். "தண்ணி போற அழகப் பாக்கறேன்" என்றேன். அதைச் சொல்லவே மூன்று தரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

யோகேஸ்வரன் என் காலடியில் குந்தினான். வேட்டியை விலக்கிக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மேவவே இல்லை. மாமா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, படுத்தா மூச்சு முட்டுதுங்களா? எத்தனை தலகாணி?"

"ரெண்டு."

"அண்ணா."

"மூணு."

அவன் எழுந்து ஓடினான். காரை வாய்க்கால் மேட்டிலேயே ஏற்றிக் கொண்டு வந்துவிட்டான், அந்த ஒற்றையடித் தடத்தில். ஒரு பக்கம் முழுக்கக் கள்ளிச் செடி கீறிவிட்டது. முன்னெல்லாம் அந்தக் காரை மழையில்கூட நிறுத்த மாட்டான்.

ரேணுகாவையும் ஏற்றிக்கொண்டு நேராக நாமக்கல். பண்டிகை நாள், ஆனாலும் டாக்டர் வந்திருந்தார்கள். வாசலில் டோக்கன் கொடுக்கிற அம்மா பெயர் கேட்டது. மோகனசுந்தரம் என்றாள் ரேணுகா. அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டது.

"லாரி ஆபீஸ் மோகனசுந்தரமா? நீங்கதானா அது? ஏனுங்க, ஏழு மாசமா உங்க பேரக் கூப்புட்டுக் கூப்புட்டு எந் தொண்டையே வறண்டு போச்சு. ஒருக்காக்கூட வரல."

ரேணுகாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அந்த அம்மா யோகேஸ்வரனைக் கை காட்டியது. "இவருதான் மாசா மாசம் ரெண்டு டோக்கன் போடுவாரு. முன்னால உங்க பேரு, அடுத்தது இவரு பேரு. அவரு மூத்தவரு, அவரு மொதல்ல போகோணும்னு சொல்லுவாரு. ரெண்டு தரம் உங்க பேரக் கூப்புட்டுப் பாத்துட்டுத்தான் இவர உள்ள உடுவேன்."

யோகேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப அதெல்லாம் எதுக்குங்க, உள்ள உடுங்க" என்றான்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? என்னைக் கேட்காமல் என் பெயரை எப்படிக் கொடுக்கலாம்? ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் கேட்க என் பெயரை மாசா மாசம் கூப்பிட வைத்திருக்கிறான். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிறவன் எவனாவது கேட்டிருந்தால், என் ஆபீஸ் என்ன ஆவது? அப்படித்தான் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை.

உள்ளே மூக்கில் காற்றுக் குழாய் வைத்து, ஊசி போட்டு, நெஞ்சில் பசை தடவிப் படம் பார்த்தார்கள். டாக்டர் சாரதாமணி சத்தம் போடுகிற ஆள் இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினார்கள்.

"இதுதான் உங்க நெஞ்சு. ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ள இருக்கற ரத்தத்துல நூத்துக்கு அறுபதாவது வெளிய தள்ளணும். உங்களது இருபத்தெட்டு."

"யோகேஸ்வரனுக்கு எவ்வளவுங்க?"

டாக்டர் என்னையே பார்த்தார்கள். "அவருக்கு அறுபத்தொண்ணு. எதுக்குக் கேக்கறீங்க?"

எதற்குக் கேட்பேன்? தெரிந்துகொள்ளத்தான்.

"அவருக்கு இருந்த அதே அஞ்சும் உங்களுக்கும் இருக்கு. சக்கரை வாசல்ல இல்ல, வீட்டுக்குள்ள வந்து பல வருஷம் ஆயிருக்கும் போல. பிரஷரும் அப்படித்தான். எப்ப வந்ததுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது, ஏன்னா நீங்க பாக்கல. அவருக்கு வரப்போறதுன்னு நான் எதைச் சொல்லிப் பயமுறுத்தினேனோ, அது உங்களுக்கு வந்தாச்சு."

பாருங்கள், தம்பி. எல்லாம் எனக்குத்தான் முதலில் வந்திருக்கிறது. வயதில் மூத்தவன், நோயிலும் மூத்தவன். பேர் மட்டும் அவனுக்கு.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்திருந்தேன். சரி, இப்போதாவது நம் முறை என்று நினைத்தேன். அத்தை எதிரில் உட்கார்ந்து அழுவார்கள், மாமா டீயில் இன்னும் ஏதாவது ஒன்றை விடுவார். வேலூருக்குக் கூட்டிப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே இருந்தது! உப்பில்லாத குழம்பு வைக்க அத்தைக்குக் கை பழகிவிட்டது. அந்தச் சின்னக் குண்டாவில் இன்னொரு கரண்டி தண்ணீர் சேர்த்தார்கள், முடிந்தது. எனக்கென்று ஒரு பாத்திரம்கூட வாங்கவில்லை. மாத்திரைக்கு டப்பா வேண்டுமென்றால், தன் பழைய டப்பாவைக் கழுவிக் கொடுத்தான் யோகேஸ்வரன். ரேணுகா எதற்கெடுத்தாலும் அவனைத்தான் கேட்கிறாள். "கண்ணு, உங்கண்ணனுக்கு இளநி குடுக்கலாமா? மாம்பழம் ஒரு துண்டு?" அவன் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்தவனும் அவன்தான். என் தாகத்துக்கு அவன் கோடு.

மாமா மட்டும் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.  பிறகு, "மாப்ள, அந்தப் பொங்கலுக்கு நீங்க தின்னதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொன்னா மரியாதைக் கொறைவா எடுத்துக்குவீங்கன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றார். "மூத்த மாப்பிள்ளை பாருங்க" என்றார். அவர் கண் கலங்கியது. அது எனக்காகத்தான் கலங்கியது, அவனுக்காக இல்லை. அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

நீட்டுகிறீர்களே, அந்தப் போண்டாவை நீங்களே தின்னுங்கள், தம்பி, எனக்கு வேண்டாம். என்ன வயது உங்களுக்கு? முப்பத்தொன்றா? உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே? நான் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா கேட்டேன். ஆபீஸை ஆள் வைத்துப் பார்க்கிறேன். மாடி ஏற முடிவதில்லை. ஐந்து மாசம் மாத்திரை தின்ற பிறகும் அந்த இருபத்தெட்டு முப்பதைத் தாண்டவில்லை. இப்படிப் பலம் குறைந்த நெஞ்சு திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாமாம். அப்படி நடந்தால் உள்ளேயிருந்தே ஓர் அடி கொடுத்து எழுப்ப, தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவு ஒரு கருவி வைக்கிறார்கள். அதற்குத்தான் இப்போது போகிறோம். நாளைக்குக் காலையில் வைக்கிறார்கள். ரேணுகா திரும்பிப் பார்ப்பது அதனால்தான். நான் தூங்கினாலும் எழுப்பிவிடுகிறாள்.

காரில் கூட்டிப் போகிறேன் என்றுதான் சொன்னான். நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எவ்வளவுக்குத்தான் அவன் காரிலேயே ஏறுவது? திருச்செங்கோட்டில் பஸ் நின்றபோது பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றதே, ஒரு பக்கம் முழுக்கக் கீறல், பார்த்தீர்களா? ஈரோட்டிலும் நின்றது. ஓரமாகத் திரும்பிப் பாருங்கள், நான் திரும்ப மாட்டேன். இன்னும் வருகிறானா?

வருவான். அவனுக்கு இப்போது நேரத்துக்கும் பஞ்சமில்லை, உடம்புக்கும் குறைவில்லை. என்னைக் கோயம்புத்தூருக்கு எழுதி அனுப்பிய அதே நாள், 2025 ஜனவரி 20, திங்கட்கிழமை, டாக்டர் சாரதாமணி யோகேஸ்வரனுடைய பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்கள்.